கிழமைக்கு ஒரு வீடு

தாய் தந்தையர் சிறைக்குப் போனபின் வெளியே எஞ்சி நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாவலரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரைப் படிவத்தில் எழுதுவதுதான் என் உத்தியோகம். எழுதுவது எளிது, தேடுவதும் எளிது, கிடைத்தவரைப் புரிந்துகொள்வதே கடினம் என்பதை இதே வேலையில் அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், விருதுநகர் அலுவலகத்திலிருந்து நான் விசாரித்த ஒரு வழக்கை இங்கே எழுதுகிறேன். அது இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை.

பத்து மணி இருபது நிமிடம்

விஸ்வநத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மணி பத்து இருபது. பங்குனி வெயில், காற்று நின்று இலைகூட அசையவில்லை. அங்கே ஒரு தெருவில் இராமர் என்பவரும் அவர் மனைவி கருப்பாயியும் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வெடி கட்டியிருக்கிறார்கள். மருந்து தீப்பிடித்துப் பக்கத்து வீட்டுக் கூரை எரிந்தது. அந்த வீட்டுக்காரரின் வலக்கை வெந்துபோயிற்று. கணவன் மனைவி இருவருக்கும் சிறை. எட்டு வயதில் செல்லத்தாய், மூன்று வயதில் பவுனு என இரண்டு பெண்பிள்ளைகள், உறவென்று யாருமில்லை. ஒரு வாரத்துக்குள் பாதுகாவலர் கிடைக்காவிட்டால், மூத்தவளை மதுரையில் ஒரு பெண்கள் இல்லத்துக்கும், இளையவளைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிசு இல்லத்துக்கும் பிரித்து அனுப்ப வேண்டும்.

"கவனிப்பாரற்று அலைகின்றனர்" என்றது என் கையிலிருந்த தாள். நேரில் பார்த்தால், இருவருக்கும் எண்ணெய் தடவி, வகிடெடுத்து, ரிப்பன் வைத்துப் பின்னியிருந்தது. தெருமுனை வீட்டில் தீப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த முத்துமாரி என்ற பெண்ணிடம், இவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அவர் பசைக் கையை எடுக்காமலே சொன்னார்:

"இன்னைக்கு வியாழக்கெளமைல்ல ஆபீசரம்மா, மாடத்தி வீட்டுல போயி கேளுங்க. எனக்குச் செவ்வா."

கையெழுத்து

விசாரித்ததில் ஒன்று தெளிவாயிற்று. அன்றன்றைக்கு ஒரு வீட்டில் குளியல், சாப்பாடு, படுக்கை. மறுநாள் அடுத்த வீடு. திங்கள் முதல் சனி வரைக்கான ஆறு வீடுகளையும் அன்றே பார்த்தேன். அத்தனை பேரும் பிள்ளைகளைக் குறையில்லாமல் வைத்திருந்தார்கள். ஆனால் பாதுகாவலர் என்று கையெழுத்திட ஒருவர்கூட இசையவில்லை. காகிதத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, மாடத்தி வீட்டு வாசலில் அரைமணி நேரம் சட்டத்தை விளக்கினேன். மாடத்தி தெருவுக்கே பேசுகிற பெண்மணி. நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு எனக்கு ஒரு செம்பு மோர் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு விளக்குவதுபோல் விளக்கினார்:

"நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டேன்னு வைங்க, மத்தவளுக எல்லாம் அதான் மாடத்தி இருக்காளேன்னு அடுப்ப அணைச்சிருவாளுக. பிள்ளைக ஒரு நா தின்னுட்டு ஆறு நா பட்டினி கெடக்கணுமாக்கும்?"

தகுதியான மனிதர்

அன்று பிற்பகல், தேடாமலே ஒருவர் வந்தார். வீடுவீடாகத் தீப்பெட்டி ஒட்டக் கொடுத்து வாங்கும் ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, சொந்த வீடு, நிலையான வரும்படி, நல்ல கையெழுத்து. படிவம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. பிள்ளைகளைப் பிரிக்கவும் மாட்டேன் என்றார். ஏழு நாளைக்கு ஏழு முகமாக அலைவதைவிட ஒரே கூரையின்கீழ் இருப்பது மேல் அல்லவா? எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் பெயரை மையாலேயே எழுதிவிட்டேன். இதை இப்போது ஒப்புக்கொள்ளக் கூசுகிறது.

ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் பவுனுவின் உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். கொஞ்சுகிறார் என்றே எண்ணினேன்.

"பெரியவ இப்பவே பெட்டி ஒட்டிருவா. சின்னவளுக்கும் விரலு நல்லா மெலிசும்மா, ரெண்டு வருசத்துல குச்சி அடுக்கத் தோதுப்படும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிய படிவம் எடுத்தேன். ஏழாவது வீடு எது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார்கள். கடைசியில் செல்லத்தாய்தான் என் விரலைப் பிடித்து அழைத்துப் போனாள். புத்தம் புது ஓலை வேய்ந்த கூரை; உள்ளே, துணி சுற்றிய வலக்கையை மடியில் வைத்து ஒரு மனிதர். எரிந்துபோன அதே பக்கத்து வீடு! பிள்ளைகளின் பெற்றோருக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவர் அவரே.

அவர் மனைவி ஞானம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். அப்படிக் கேட்டது தவறென்று அவர் முகம் காட்டிற்று. "மன்னிக்கவா? அந்தக் கருப்பாயி திரும்பி வரட்டும், இருக்கு அவளுக்கு" என்றவர், தணிந்த குரலில் தொடர்ந்தார்:

"இவுக கை வெந்தது ஒரு வெள்ளிக்கெளம. வெள்ளி மட்டும் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். மாதா கோயிலுக்குப் போயிட்டு வார ஞாயித்துக்கெளம எனக்கு யாரு மேலயும் கோவம் இருக்காது."

ஒரே தாள்

அடுத்த வியாழன் ஏழு பெண்களும் ஒரே பஸ்ஸில் விருதுநகர் கோர்ட்டுக்கு வந்து இறங்கினார்கள். மாடத்தி சொன்ன காரணத்தை ஆறு இரவு யோசித்து நான் கண்ட வழி ஒன்றுதான்: எல்லாரும் ஒரே தாளில், ஒரே நேரத்தில் கையெழுத்திடுவது. கிழமைவாரியாகக் கட்டம் போட்டு அதைப் படிவத்தோடு இணைத்திருந்தேன். எங்கள் ஹெட் கிளார்க் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பிள்ளையை ஒப்படைக்கிற பத்திரமா, பள்ளிக்கூட டைம்டேபிளாம்மா?" என்று கேட்டார். எனக்கும் அந்த ஐயம் இருந்தது.

மாஜிஸ்திரேட் அதை மூன்று தடவை படித்தார். செல்லத்தாய் தங்கையின் பாவாடை நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றாள். ஏழு பேர் பொறுப்பு என்பது யாருக்கும் பொறுப்பில்லை என்பதுதான் என்றார் அவர். "இவர்களில் ஒருத்தி தவறினால் நான் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?" என்றார். நான் வாய் திறக்குமுன் மாடத்தி முன்னால் வந்துவிட்டார்:

"ஏழு பேரையும் கூப்பிடுங்கய்யா. தப்புனவள நாங்க ஆறு பேரும் இழுத்தாந்து இங்கன நிப்பாட்டிருவோம்."

வெள்ளிக்கிழமை காலை

பெற்றோர் வெளிவரும்வரை பிள்ளைகள் அந்தத் தெருவிலேயே, ஒன்றாக இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. மறுநாள் காலை, ஏஜென்ட் அடுத்த தெருவுக்குப் பெட்டிக்கட்டு கொண்டுபோனார். ஹெட் கிளார்க் எங்கள் கட்டத்தைக் கோப்பில் தைத்தார். மாடத்தி, வெள்ளிக்கிழமைக்காரி சோறு வடித்தாளா என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஞானம்மாள் பிள்ளைகளைப் பார்த்தும் பாராததுபோல் தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோனார். செல்லத்தாய் தங்கைக்குச் சடை பின்னினாள். நானோ அறிக்கையில் "ஒப்படைத்ததற்கான காரணம்" என்ற இடத்தில், தெருவாரின் அன்பு என்று எழுதுவதா, ஒருத்திமேல் மற்றவளுக்கு இருந்த சந்தேகம் என்று எழுதுவதா எனத் தெரியாமல், பேனா முனையில் மையை உலரவிட்டுக்கொண்டிருந்தேன்.