பூஜ்ஜியங்களை அழித்தேன்

நாற்பது நாள் அந்த ஜன்னலை மூடி வைத்திருந்தது அம்மாவா, நானா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எம்.இ. கடைசி வருடத்தில் பிரசவத்துக்காக விருத்தாசலத்தில் அம்மா வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இருப்பவர்கள் எப்போது ஃபேன் போடுவார்கள், எப்போது ஜன்னலைத் திறப்பார்கள் என்று கணினியில் கணித்து, அந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று சொல்வதுதான் என் ஆய்வு. கணிப்பைச் சரிபார்க்க ஓர் உண்மையான அறையின் பதிவு வேண்டும். பிள்ளை பெற்றபின் நான் அடைந்து கிடந்த அறையையே எடுத்துக்கொண்டேன். கட்டிலருகே ஒரு தெர்மாமீட்டர். பகலில் மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவேன்: ஜன்னல் திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் பூஜ்ஜியம்.

சித்திரை வெயில். ஃபேனும் கிடையாது. பக்கம் முழுக்கப் பூஜ்ஜியம். பீங்கான் கம்பெனிக்கு மண் ஏற்றிய லாரி போனால் ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிரும்.

“அம்மா, முப்பத்தாறு டிகிரி காட்டுது. கொஞ்சம் தொறந்து வையேன்.”

“பச்ச ஒடம்புடி. காத்து பட்டா ஜன்னி கண்டுடும். எந்த வூட்டுலடி புள்ள பெத்தவளுக்கு ஜன்னலத் தொறந்து வெக்கிறாங்க?”

“இந்தச் சூட்டுக்கு யாரா இருந்தாலும் தொறந்திருப்பாங்கன்னு கம்ப்யூட்டர்ல வருதும்மா.”

“கம்ப்யூட்டரா புள்ள பெத்துச்சு? பேசாம படு.”

குழந்தையின் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. அம்மா குளிக்கப் போகும்போது எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் தொட்டிருக்கிறேன். அவள் சொல்வதே உண்மையாகிக் குழந்தைக்கு ஏதாவது வந்துவிட்டால்? கையை எடுத்துவிடுவேன். ஒரு நாள் இல்லை, பல நாள்.

பதிவை அனுப்பியதும் வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். “என்னம்மா இது, அந்தச் சூட்டுல யாரும்மா மூடிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க? நோட்ட இன்னொரு தரம் பாருங்க.”

அது என் அறை என்று சொல்ல வாய் வரவில்லை. “பாக்குறேன் சார்” என்றேன். மத்தியான நேரத்துப் பூஜ்ஜியங்களை ரப்பரால் அழித்து ஒவ்வொன்றாக ஒன்று போட்டேன். கணினி சொன்னதும் என் நோட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன.

திருத்தியதைத் திரும்ப அனுப்பினேன். “இப்பத்தாம்மா சரியா இருக்கு” என்றார்.

ஆய்வேடு பைண்டிங் ஆகிவிட்டது. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. குழந்தை தவழத் தொடங்கிவிட்டது. பதிவு பொய் என்று சொன்னால் பட்டம் போய்விடலாம். சொல்லாவிட்டால், அதை நம்பி யாராவது வீடு கட்டக்கூடும். அந்த வீட்டிலும் ஒருத்தி பிள்ளை பெற்று, ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருப்பாள். கணவரிடம் கேட்டால், “மொதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் பேசிக்கலாம்” என்கிறார்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பதிவைத் திருத்திவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டிருந்தால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.