ஒரு கை அளவு பட்டை

ரயில் வர இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது. கேட்டைச் சாத்திவிட்டு ராயப்பன் ஒதிய மரத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கிறதாம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பாதையில், இந்த ரயில்வே கேட்டுக்குப் பதினாறு வருஷமாக அவர்தான் காவல். எதிரே தண்டவாளம் கானலில் நெளிகிறது. அவர் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. தூங்குகிறாரா என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது.

கேட்டைச் சாத்தினால் வண்டிகள் நிற்கும். வண்டிகள் நின்றால் வலிகள் இறங்கும். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை சுமக்கும் கிருஷ்ணசாமிக்கு இடுப்பு. தயிர்க்கூடை சுமக்கும் லட்சுமியம்மாளுக்குக் கழுத்து. ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று ஊர் ஏளனம் செய்கிற மரத்தில்தான் ராயப்பன் பட்டை எடுக்கிறார். அரைத்து, சூடாக்கிப் பற்றுப் போட்டால் வலி இறங்குகிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய ஆள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேறு ஒதி கிடையாது.

அவருடைய முறையே தனி. வலிக்காரர் வந்து மரத்தில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். அந்தக் கை அளவுக்குத்தான் பட்டை. அதற்குமேல் ஒரு விரற்கடை கிடையாது. "யாரு வலின்னு மரத்துக்குத் தெரிய வேணாவா?" என்றபடி சீவுவார். காயத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுவார். அது ஆறும்வரை பக்கத்தில் கத்தி படாது. சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும். அடிமரமெங்கும் மனிதக் கைகள். "இது கிருஷ்ணசாமி, இது தயிர்க்காரம்மா" என்று தடவிக்கொண்டே கனவில் நடப்பவர்போல் மரத்தைச் சுற்றி வருவார்.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் கைகள் அதிகமாகிவிட்டன. காயம்படாத பட்டை இரண்டு கை அகலம்தான் மிச்சம். ஒன்று மரத்தின் உயிருக்கு. இன்னொன்று ராயப்பனுக்கு. தை மாதத்திலிருந்து அவருடைய வலது தோள் இறுகிக் கிடக்கிறது. திங்கட்கிழமை விழுப்புரத்தில் ரயில்வே டாக்டர் முன்னால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். உயராவிட்டால் வேலை போகும். கேட்டோரத்து வீடும் போகும்.

"ஜல்தியா எடுத்துப் பத்துப் போட்டுக்குங்களேன்" என்று மனைவி ஜெயம் தினமும் சொல்கிறாள். அவர் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை காந்திமதி வந்தாள். கூலிக்கு மல்லாட்டை பிடுங்குகிறவள். முழங்கால் பூசணியாக வீங்கியிருந்தது.

"நாலு நாளா நொண்டிக்கினு கெடக்கறேண்ணா. நாளைக்கும் போவலன்னா வேற ஆள வச்சிடுவாங்க" என்றவள், யாரும் சொல்லாமலே மரத்தில் கையைப் பதித்துவிட்டாள்.

"இல்லன்னு சொல்லுங்க. திங்கக்கெழம இன்னா பண்ணுவீங்க?" என்றாள் ஜெயம்.

ராயப்பன் அந்த வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கைய வச்சிடுச்சி ஜெயம். இனிமே அது எனக்கு ஆவாது" என்று கத்தியை எடுத்தார். நல்லவனாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? பார்த்துக்கொண்டு நின்ற வண்டிக்காரர்களுக்கே கோபம் வந்தது.

காந்திமதி பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ரயில் வந்தது. ராயப்பன் பச்சைக் கொடியை வலது கையிலேயே எடுத்தார். மார்புவரை ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை. இடது கையை முழங்கைக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளி, கடைசிப் பெட்டி கடக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.