அண்ணாவின் காரும் நான் தெரிவு செய்த மனிபோல்டும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. முப்பத்தோராம் நாள் நாங்கள் கொடுத்த மலரில் அவரை ‘வாகனத் தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று அச்சிட்டிருந்தோம். அண்ணா ஒருவருக்கும் ஆலோசனை சொன்னவர் அல்ல. பஸ் கராஜில் மெக்கானிக்காக வேலை செய்தவர். அந்தச் சொல்லை அச்சில் போட வெட்கப்பட்டவன் நான்தான். இந்த முறை கட்டுரையையும் நானே எழுதுகிறேன். புகழ்மாலை வேண்டுபவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தேவாரத்துக்குப் போகலாம்.

அண்ணா சுன்னாகத்தில் பிறந்தார். நாங்கள் மூன்று பேர்: அண்ணா, நான், இப்போது சிட்னியில் இருக்கும் தங்கச்சி. ஐயா காலமானபோது அண்ணாவுக்குப் பதினாறு வயது. செத்த வீட்டுக்கு வந்த பெரியவர்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, ஒரு வீட்டில் ஒருவன் படித்தால் போதும், சின்னவன் கெட்டிக்காரன், பெரியவன் உழைக்கட்டும் என்று முடிவு கட்டினார்கள். அண்ணா அடுத்த கிழமை ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். வகுப்பில் கணக்குக்கு முதலாம் பிள்ளை அவர் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிய வந்தது. அதையும் அவர் சொல்லவில்லை, அவரோடு படித்த ஒருவர் சொன்னார்.

பிறகு நாடு விட்டு நாடு வந்தோம். அண்ணா முதலில் மெல்பேர்ண் வந்து, எங்கள் இருவரையும் கூப்பிட்டு எடுத்தார். பகலில் பஸ்களுக்குக் கீழே படுத்து வேலை செய்தார், நான் பல்கலைக்கழகம் போனேன். சிவில் என்ஜினியர் ஆனேன். எனக்குத் தெரிந்தது மழைநீர் வடிகால். ஆனால் எங்கள் குடும்பத்தில் படித்தவன் சொன்னால் அதற்கு மேலே பேச்சில்லை. பிரிட்ஜ் வாங்குவதா, எந்த டொக்டரிடம் போவதா, வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பதா, எல்லாவற்றுக்கும் அண்ணா என்னைத்தான் கேட்பார். “நீ படிச்சனி, உனக்குத் தெரியும்” என்பார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அவர் கேட்காவிட்டால் எனக்குக் கோபம் வந்தது.

இதயம் பலவீனம் என்று டொக்டர்மார் சொன்னபின் அண்ணா வேலையை விட்டார். விட்ட கையோடு ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார். இந்த நாட்டில் எழுபதுகளில் செய்த எட்டுச் சிலிண்டர் கார், இரண்டே கதவு, நீண்ட மூக்கு. கிழடுக்குக் கிழடு துணை என்று சொந்தக்காரர் பகிடி பண்ணினார்கள். இறைச்சிக்கறியும் பியருமாக மெல்பேர்ண் புறநகர் ரோவிலில் அவருடைய வீட்டில் இருந்துகொண்டே பகிடி பண்ணினார்கள். அண்ணா சிரித்துக்கொண்டு துரு சுரண்டினார். நாலு வருடத்தில் அது கார் ஆனது.

அவருக்கு ஆசை ஒன்றுதான். அண்ணியை முன் சீற்றில் இருத்தி, சிட்னிக்கு ஓட்டிப்போய், மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் அந்தக் காரை நிறுத்த வேண்டும். ஐயர் திருநீறு பூசி, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வேண்டும். பிறகு தங்கச்சி வீட்டில் போய்ச் சாப்பிட வேண்டும். அவருக்கு நீண்ட காலம் இருக்கிறது என்று டொக்டர்மார் சொல்லவில்லை. அது அண்ணிக்கும் எனக்கும் தெரியும். ஆகவே கார் காலத்தோடு ஓட வேண்டியிருந்தது.

மிச்சமாக இருந்தது இன்ரேக் மனிபோல்ட். என்ஜினின் தலைமேல் இருக்கும் அலுமினியக் கூடு அது. காற்றும் பெற்றோலும் கலந்து அதன் வழியாகத்தான் எட்டுச் சிலிண்டருக்கும் பிரிந்து போகும். அதில் இரண்டு வகை உண்டு. டுவல் பிளேன் என்பதில் வழிகள் ஒடுங்கியவை, இரண்டு தட்டாகப் பிரிந்தவை. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை தரும். சிங்கிள் பிளேன் என்பது உயரமானது, உள்ளே திறந்த வெளி. என்ஜின் கத்திச் சுற்றும்போதுதான் அதற்கு உயிர் வரும். பந்தயக் காருக்குப் பொருத்தமானது.

“தம்பி, இது ரோட்டில ஓடுற கார். லைற்றுக்கு லைற் நிண்டு நிண்டு போகவேணும். டுவல் பிளேன்தான் சரி எண்டு நினைக்கிறன். நீ என்ன சொல்லுறாய்?” என்று அண்ணா கேட்டார்.

அவருடைய பழைய கராஜ் நண்பர்கள் மூன்று பேர் அங்கே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முதல் கிழமை இன்ரநெற்றில் நாலு வீடியோ பார்த்திருந்தேன்.

“அண்ணா, உது பழைய ஆக்களின்ர கதை. இந்த என்ஜினுக்குச் சிங்கிள் பிளேன் போட்டால்தான் முழுப் பவர் எடுக்கலாம். நான் கணக்குப் போட்டுப் பாத்தனான்.”

நான் ஒரு கணக்கும் போடவில்லை. நண்பர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணா கையைக் காட்டி நிறுத்தினார். “அவன் படிச்சவன். அவனுக்குத் தெரியும்” என்றார். முப்பது வருடம் என்ஜின் திறந்த மனிதர், வடிகால் கட்டுகிறவனின் சொல்லுக்குத் தலையாட்டினார். இது எங்கள் ஆட்களிடம் மட்டும் நடக்கும் கூத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே ஏட்டைக் கும்பிடுவோம்.

சிங்கிள் பிளேன் வந்தது. நான் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, அண்ணா பூட்டினார். பூட்டிய பிறகு என்ஜினை மூடும் பொனற் மூடுப்படவில்லை, உயரம் கூடிவிட்டது. அந்தப் பொனற்றுக்கு அவர் ஆறு தரம் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ற் அடித்திருந்தார். பிறகு வெட்டும் மெசினை எடுத்துத் தன் கையாலேயே நடுவில் ஓட்டை வெட்டினார். “இப்பவாவது மாத்துவமோ?” என்று அவர் கேட்கவில்லை. “வேண்டாம், மாத்துவம்” என்று நானும் சொல்லவில்லை.

முதல் ஓட்டத்துக்கு ஒரு ஞாயிறு காலை புறப்பட்டோம். அண்ணி சேலை உடுத்து முன்னுக்கு இருந்தார், நான் பின்னுக்கு. வெலிங்டன் ரோட்டில் சிவப்பு லைற்றுக்கு நின்றோம். பச்சை விழுந்தது. அண்ணா அக்சிலேற்றரை அமத்தினார். என்ஜினுக்கு மூச்சு முட்டியது, ஒருக்கால் வெடித்தது, நின்றுவிட்டது. பின்னால் நின்ற கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன. அடுத்த லைற்றிலும் அதே கதை. மூன்றாவது லைற்றில் அண்ணா காரைத் திருப்பினார். அவருடைய கழுத்து வேர்த்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

“சூடு காணாது போல” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் காபரேற்றரில் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தார். சரி வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அப்போது தெரிந்துவிட்டது. கடைசியில் போன் எடுத்தார். “தம்பி, ஒரு சனிக்கிழமை வாவன். மற்றதைப் போட்டுப் பாப்பம். என்னால தனியத் தூக்கேலாது.”

“ஓம் அண்ணா, வாறன்” என்றேன். ஒரு சனி எனக்கு மீற்றிங். ஒரு சனி மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. ஒரு சனி மழை, கராஜுக்கு உள்ளே செய்கிற வேலைக்கு! நான் இருக்கும் கிளென் வேவர்லியில் இருந்து ரோவிலுக்குக் கால் மணித்தியாலம். உண்மையைச் சொன்னால், அந்த மனிபோல்டைக் கழற்றுவது நான் பிழை என்று ஒத்துக்கொள்வது. அதற்கு என்னிடம் சனிக்கிழமை இருக்கவில்லை.

அண்ணா ஒரு புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். கார் சிட்னி பார்க்கவில்லை.

செத்த வீட்டு நாட்களில் ஆண்கள் கராஜில் காரைச் சுற்றி நின்றார்கள். பொனற்றில் இருந்த ஓட்டையைப் பார்த்து ஒருவர், “ஆனைக்கும் அடி சறுக்கும். கடைசிக் காலத்தில ஆள் பிழையான சாமானைப் பூட்டிப்போட்டார்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் அண்ணி காரை விற்றார். வாங்க வந்த வெள்ளைக்காரர் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். வேலை மிகத் திறமான வேலை, ஆனால் ரோட்டுக் காருக்கு இந்த மனிபோல்டைத் தெரிவு செய்தது யார் என்று கேட்டார். கேட்டவர் முன்பின் தெரியாதவர். இனி ஒரு நாளும் காணப்போவதில்லை. அவரிடம் உண்மை சொன்னால் எனக்கு ஒரு மயிரிழை நட்டமும் இல்லை.

“என் அண்ணா” என்றேன்.

அண்ணி குசினி வாசலில் நின்றார். கார் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “தம்பி, அவற்ற சிநேகிதர் மூண்டு பேரும் வந்து கழட்டித் தாறம் எண்டு கேட்டவை. அவர் விடேல்ல. அவை கழட்டினால் தம்பிக்கு மரியாதை இல்லை, அவனே வந்து கழட்டட்டும் எண்டவர். ஒவ்வொரு சனியும் ஸ்பானரெல்லாம் எடுத்து வச்சுக்கொண்டு இருந்தவர்.” அழாமல் சொன்னார். அழுதிருக்கலாம்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்தது அண்ணா. ஆண்டது நாங்கள்.

அண்ணாவின் கடைசி நாட்களில் சமைத்துக் கொடுத்த ரோவில் அயலவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய அவருடைய மூன்று நண்பர்களுக்கும், இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், சிட்னியில் இருந்து வந்து நின்ற தங்கச்சி குடும்பத்துக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும் எங்கள் நன்றி. காரை வாங்கியவருக்கு உண்மையை எழுதி ஒரு கடிதம் போட்டேன். அவர் மனிபோல்டை அப்போதே மாற்றிவிட்டாராம், கார் பட்டுப்போல ஓடுகிறதாம். பிழை யாருடையது என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

உங்களில் பலர் அந்தக் கராஜில் நின்றவர்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணா நல்ல மெக்கானிக். அவர் தொழிலில் விட்ட பிழை ஒன்றே ஒன்று, அது என் சொல்லைக் கேட்டது.

தம்பி,
கிளென் வேவர்லி