நடுவில் மட்டும் பச்சை

எங்கள் பங்குக் கோயிலில் பூசைக்குச் சாமியார் உடுத்தும் மேலங்கியை எடுத்து வைப்பது என் தாய்மாமாவின் வேலை. தவக்காலத்துக்கு ஊதா, கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளை என்று காலத்துக்கு ஒரு நிறம். தூய ஆவி இறங்கிய திருநாளுக்குச் சிவப்பு. ஒரு வருஷம் அன்றைக்கு மாமா பச்சையை எடுத்து வைத்துவிட்டார். சாமியார் சிரித்துவிட்டார். அம்மாதான் மயிலாப்பூர் வீடு வரும்வரை விடவில்லை.

"கண்ண எங்கடா வச்சினுகீற?"

அதன்பின் ஞாயிறுதோறும் மாமா என்னையும் மேலங்கிகள் இருக்கும் உள்ளறைக்குக் கூட்டிப் போவார். பீரோவைத் திறந்து, "பாப்பா, இன்னிக்குப் பச்சை. நீ எடு பாக்கலாம்" என்பார். எட்டு வயசில் அது ஆண்டவரே கொடுத்த உத்தியோகம் போல இருந்தது.

மாமா எங்கள் வீட்டில் தங்கி இஞ்சினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். காலேஜுக்காகக் கம்பைலர் என்று ஒன்றை எழுதினார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"வெளிநாட்டுச் சாமியார் பிரசங்கம் வெச்சா, உபதேசியார் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றாருல்ல? அதான். நாம எழுதுறத மெஷினுக்குப் புரியறா மாரி சொல்றது."

அவருடைய உபதேசியார் கூட்டலைச் சரியாகச் சொன்னார். கழித்தல் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவார். திங்கட்கிழமை அதை ஓட்டிக் காட்டாவிட்டால் மாமாவுக்கு இன்னொரு வருஷம் வீண். வாரம் முழுக்கத் தேடியும் தப்பு அகப்படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டாளி ஒருவர் வந்தார். கறுப்புத் திரையில் எல்லாம் வெள்ளையாகவே இருந்த எழுத்துக்கு நிறம் வைக்கக் கற்றுக் கொடுத்தார். இந்த மாதிரி ஃபைல் வந்தால் கட்டளைச் சொல்லுக்குச் சிவப்பு, மனுஷர் படிக்க எழுதிய குறிப்புக்குப் பச்சை என்று, மாமா எழுதுகிற எடிட்டர் புரோகிராமுக்குச் சொல்லி வைத்தார்கள்.

"கலர் போட்டாச்சு மச்சி. இனி தப்பு தானா பல்லிளிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி கிளம்பினார்.

எனக்குத் திரை கிறிஸ்துமஸ் குடில் மாதிரி ஜொலித்தது. மாமா முகத்தில் மட்டும் வெளிச்சமில்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளில் தொங்கிக்கொண்டு கேட்டேன்.

"மாமா, இங்க மட்டும் இன்னா சிவப்பே இல்ல? நடுவுல மொத்தமா பச்சையா கீது?"

மாமா நிமிர்ந்தார். "எங்க? வெரல வச்சுக் காட்டு."

காட்டினேன்.

"எதுவரிக்கும்? மெதுவா எறக்கு."

இறக்கினேன். அவர் என் விரலை மட்டுமே பார்த்தார். பிறகு விரல் தொடங்கிய இடத்துக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டார். குறிப்பு முடிந்தது என்று காட்டும் அடையாளத்தைப் போட மறந்திருக்கிறார். கீழே இருந்த கழித்தலையும் குறிப்பு என்று எண்ணி மெஷின் தாண்டிப் போயிருக்கிறது. அடையாளத்தைப் போட்டதும் உபதேசியாருக்கு வாய் திறந்தது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "கொழந்தைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரில. கண்ண எங்கடா வச்சினுகீற?"

மாமா சிரித்தார். சிரித்தபடியே சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சளும், பச்சையை எடுத்துவிட்டு நீலமும் வைத்தார். அழகாயிருந்ததைக் கெடுத்துவிட்டாரே என்று நான் அன்று ராத்திரி ஜெபத்துக்குக்கூட அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

போன மாதம் என் மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புல்லுக்கெல்லாம் செங்கல் நிறம் அடிக்கிறான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். புள்ளிப்புள்ளியாக ஒரு படத்தைக் காட்டிச் சோதித்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"இவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுதும்மா. ஒங்க அம்மா வழியில யாருக்காவது இப்படி இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பீரோவுக்கு முன்னால் மாமா எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பாஸாகிவிட்டு, பெருமையாக அம்மாவிடம் ஓடியிருக்கிறேன்.