கம்பியைப் பிடித்திருந்தவள்

நான் செய்த இயந்திரத்துக்குக் கண் இருந்தது, விரல் இருந்தது, உடம்பு மட்டும் இல்லை. அதற்கு அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அப்போது கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. புராஜெக்டுக்கு எல்லாரும் தண்ணீர்த் தொட்டி அலாரம், தானாக எரியும் விளக்கு என்று அடக்கமாகப் போய்க்கொண்டிருக்க, எனக்கு மட்டும் கொழுப்பு. போனில் விளையாடுகிற ரோபோ செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போனுக்குள் புகுந்து தில்லுமுல்லு செய்கிற புரோகிராம் இல்லை. மனுஷர் மாதிரி வெளியே உட்கார்ந்து, திரையைப் பார்த்து, விரலால் தொட்டு விளையாட வேண்டும்.

மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ஆர்டர் போட்டால் வீட்டு வாசலில் சாமான் வந்து நிற்கும். தீவில் இருக்கிற எங்களுக்கு 'உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை' என்ற வரிதான் முதலில் வரும். மோட்டாரை ஒரு சீனியரின் உடைந்த பொம்மை விமானத்திலிருந்து பிடுங்கினேன். சட்டத்துக்கு மரக்கடையில் கழித்துப் போட்ட படாக் மரத்துண்டுகள். கண்ணுக்கு, வெளிச்சம் குறைந்தால் சொல்லுகிற பட்டாணி அளவு சென்சார். விரலுக்குக் காது குடைகிற பஞ்சுக்குச்சி. நுனியை நனைத்து, மெல்லிய செம்புக் கம்பி சுற்றியது.

விளையாட்டு ரொம்ப எளிது. ஒரு கோழி ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே கறுப்பு வேலி வரும். திரையைத் தொட்டால் கோழி குதிக்கும். தொடாவிட்டால் முட்டிச் செத்துவிடும். போகப்போக வேகம் கூடும். கோழி செத்தால் மறுபடி ஓட ஒரு லைஃப் வேண்டும். லைஃப் தீர்ந்தால் யாராவது தெரிந்தவர்கள் அனுப்ப வேண்டும்.

அம்மாவுக்கு அனுப்புகிற ஒரே ஆள் சித்தி. அம்மாவின் தங்கை, ராமநாதபுரம் பக்கம் இருக்கிறாள்.

இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தாத்தா இறந்த அன்று இங்கே புயல். விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. பையும் கையுமாக அலைந்துவிட்டு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஒருவழியாகக் கருமாதிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கையில் சித்தி கேட்டுவிட்டாள்: "கடல் தாண்டிப் போனவளுக்கு அப்பன் என்ன, ஆத்தா என்ன?" அம்மா மறுநாள் கிளம்பி வந்தவள்தான். அதன்பிறகு போன் கூட இல்லை.

பிறகு தீவுக்குக் கடலடியில் கேபிள் வந்து, நெட் ஒழுங்காகி, அம்மாவும் ஒரு டச் போன் வாங்கினாள். பஜார் துணிக்கடையில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கோழியை ஏற்றிக் கொடுத்தார்கள். போனில் இருந்த நம்பர்களைப் பார்த்து விளையாட்டே அக்காவையும் தங்கையையும் பாயின்ட் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. இவள் பாயின்ட் கொஞ்சம் ஏறும். அவள் அதைத் தாண்டுவாள். இவள் ஒரு லைஃப் அனுப்புவாள். மறுநாள் அங்கிருந்து ஒன்று வரும். ஒருத்தி பெயரை ஒருத்தி வாயால் சொல்லாமலேயே வருஷக்கணக்கில் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. மதியம் துணிக்கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் அம்மா போனைத்தான் திறப்பாள். வந்திருந்தால் முகம் தெளிந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவள் போனை எடுத்தேன். என் போன் புதுசு. மோட்டார் விரல் டொக்டொக்கென்று அடித்தால் கண்ணாடியில் கீறல் விழும். அம்மா போனில் விழுந்தால் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனால் விரல் வேலை செய்யவில்லை. சரியான நேரத்தில்தான் தட்டியது. கோழி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எரிச்சலில் கம்பியைக் கையால் இழுத்தபோது கோழி குதித்தது. விட்டேன், முட்டிச் செத்தது. அப்போதுதான் உறைத்தது. தொடுதிரைக்கு விரல் தெரிய வேண்டுமென்றால் விரலுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பியை எர்த்தில் கொடுக்க வேண்டும். மின்னி பே என்கிற பகுதியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பிளக்குக்கு மூன்று ஓட்டை உண்டு. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. எனக்கோ லேப்டாப்பில் அளவுகளை மாற்ற இரண்டு கையும் வேண்டும்; காலில் சுற்றிக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவில்லை.

"அம்மா, இங்க வா. இத சும்மா பிடிச்சுக்க."

"கரண்ட் அடிக்குமாடி?"

"அடிக்காதும்மா."

"அடிச்சா திக்லிபூருக்கு நீதான் போன் போட்டுச் சொல்லணும்." அப்பா அங்கே, தீவின் வடகோடியில், ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கம்பியை விரலில் சுற்றிக்கொண்டாள். நான் கீழே லேப்டாப்போடு. முதலில் கோழி செத்துச் செத்து விழுந்தது. சித்தி அனுப்பி அம்மா சேர்த்து வைத்திருந்த லைஃப்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன். மதியத்துக்கு மேல் இயந்திரத்துக்கு ஆட்டம் பிடிபட்டது. வேலி வரும், விரல் இறங்கும், கோழி குதிக்கும். அம்மா சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். "அரே, என்னைய விட நல்லா ஆடுதேடி இது!"

அவள் பாயின்டைத் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் சித்தியின் பாயின்டையும் தாண்டியது. அப்போது அம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

"பஸ் பஸ், போதும்டி. நிப்பாட்டு" என்றாள் இந்தியும் தமிழுமாக.

"இரும்மா, வீடியோ எடுக்கணும். இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொழுது சாயும்வரை ஓட்டினேன். பாயின்ட், மனுஷர் யாரும் எட்ட முடியாத இடத்துக்குப் போய் நின்றது. அம்மா கம்பியைக் கீழே போட்டிருந்தால் கோழி அடுத்த வேலியிலேயே விழுந்திருக்கும். அவள் போடவில்லை. மகளுக்காக என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

கல்லூரியில் பரிசு கிடைத்தது. அங்கே மேஜைக்கு அடியில் என் வகுப்புத்தோழி கால் கட்டைவிரலில் கம்பியைச் சுற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். மேலே அட்டையில் 'மனிதக் கை படாமல் விளையாடும் இயந்திரம்' என்று கொட்டை எழுத்தில் நானே எழுதி வைத்திருந்தேன். கால்தானே பட்டது, கை இல்லையே என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சித்தியிடமிருந்து எதுவும் வரவில்லை. அம்மா தினமும் பார்த்தாள். "நெட் சரியில்ல போல" என்றாள் ஒரு நாள். "அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ" என்றாள் இன்னொரு நாள், என்னிடம் இல்லை, கையிலிருந்த போனிடம். பாயின்டைக் கீழே இறக்க வழி உண்டா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த விளையாட்டில் ஏறினால் ஏறினதுதான். தங்கை எட்டிப் பிடிக்கவே முடியாத உயரத்தில் அக்காவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, நான் பரிசுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அம்மாவுக்குத் தெரியாமல் அப்பாவிடம் நம்பர் வாங்கி, கல்லூரி வாசலில் நின்று சித்திக்குப் போன் செய்தேன். இயந்திரம்தான் விளையாடியது, அம்மா இல்லை, தயவுசெய்து லைஃப் அனுப்புங்கள் என்று சொல்லத்தான். என் குரலைக் கேட்டதும் அவள் பதறிவிட்டாள்.

"ஏத்தா, அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சித்தி. நல்லாத்தான் இருக்கா."

"பொய் சொல்லாத. அந்தக் கோழி வெளாட்டுல அவ பாயின்ட பாத்தேன். ஒரு மனுசி அவ்வளவு நேரம் அதையே கட்டிக்கிட்டு அழுதான்னா, வீட்டுல பேச நாதியில்லன்னுதான அர்த்தம்? உங்கப்பாரு ஒரு மூலையில. நீ படிப்பு படிப்புன்னு இருப்ப. நான் ஒருத்தி வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம அன்னைக்கு அப்படிக் கேட்டுட்டேன். பேசுறதுக்குப் பதிலா லைஃப் அனுப்பிக்கிட்டுக் கிடந்திருக்கேன் பாரு, கூறுகெட்டவ. அதான் அந்தச் சனியன போன்லருந்தே தூக்கிட்டேன். கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு. பிளேன்னா எனக்குப் பயம்."

இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம். சொல்லாவிட்டால், இல்லாத ஒரு துக்கத்துக்காக ஒரு மனுஷியைக் கடலில் இழுத்தடிக்கிறேனே என்ற குறுகுறுப்பு. "வாங்க சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கப்பல் ஹாடோ ஜெட்டியில் வந்து நின்றபோது சித்தி வாந்தியெடுத்து வாந்தியெடுத்துப் பாதியாகியிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எளைச்சுப் போயிட்டியேக்கா" என்றாள். அம்மா இளைக்கவே இல்லை. இருவரும் அழுதார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன். அங்கே நிற்க எனக்கு முகமில்லை.

வீட்டில் சித்தி குளிக்கப் போன நேரம், சமையலறையில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏன்டி இப்படி தடாலடியா வந்து நிக்கிறா? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன் பேசியது, சித்தி நினைத்துக்கொண்டிருப்பது, நான் வாயை மூடிக்கொண்டது. "இப்பவே அவங்ககிட்ட சொல்லிடுறேன்மா" என்றேன்.

அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள்.

"வேணாம். நான்தான் வெளாடினேன்னே இருக்கட்டும்."

"பொய்ம்மா அது."

"என்ன பொய்? கம்பிய யாரு பிடிச்சிருந்தது?"

"நீ கம்பியத்தான் பிடிச்சிருந்த. அவங்க என்னவோ நீ தனியா, பேச ஆளில்லாம..."

அம்மா குழாயைத் திறந்து செதிலை அலசினாள். எனக்குள் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"நீ நிப்பாட்டச் சொன்னப்ப நான் கேக்கல. சரி. நீ கம்பிய விட்டிருக்கலாம்ல? ஏன் விடல?"

"விட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னைக்குத்தான் காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் என் பக்கத்துலயே உக்காந்திருந்த. இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து அப்படி ஒரு ஞாயித்துக்கெழம இல்லடி."

ஈரத் தலையோடு சித்தி வாசலில் வந்து நின்றாள். "ஆத்தாளும் மகளும் என்ன குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்ல, நான் உன்னைய ஜெயிச்ச கதை" என்றாள் அம்மா.

சித்தி சிரித்துக்கொண்டே அரிவாள்மணையை எடுத்துப் போட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அவள் தப்பாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் அதுவரை நான் குன்றிப்போயிருந்தேன். அவள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. அக்காவின் பெயருக்கு எதிரே இருந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, அவள் கடலைத் தாண்டி வந்திருந்தாள். அந்த எண்ணை நாள் முழுக்க அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஏற்றியவள் நான். திரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.