எக்ஸ்ரே அக்கா நம்பிய ஒரே ஆள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வாசலில் பதினோரு வருஷமாகப் பெண்களின் பைகளைச் சோதிப்பவளுக்கு, அங்கே வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே அக்கா. சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், உள்ளே இருப்பது மிச்சச் சாப்பாடா நூல்கண்டா என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களையும் அதே கண்ணால் பார்த்ததில்தான் கல்யாணம் கூடவில்லை என்று தங்கை கேலி செய்வாள். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

அந்தத் தங்கை, பத்தொன்பது வயதில், தான் வேலை பார்த்த அழகுப்பொருள் கடையில் நான்கு சென்ட் பாட்டில்களைத் திருடியதாகப் பிடிபட்டாள். ஜாமீனில் வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நான் எடுக்கலக்கா."

ஊரையே சந்தேகப்பட்டவள் இவளை நம்பினாள்.

முதல் வாய்தாவுக்குப் போன அன்று, கோர்ட் வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் குழைந்து பேசினார். "பொண்ணு ஒத்துக்கட்டும்மா. அபராதத்தக் கட்டிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம். இழுத்தா உங்களுக்குத்தான் அலைச்சல்."

நம் அலைச்சலைப் பற்றி இவருக்கு என்ன கவலை என்று அக்கா மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இலவச சட்ட உதவியிலிருந்து வந்த வக்கீலம்மா இன்னும் சந்தேகத்தைக் கிளப்பினாள். ஃபீஸ் வேண்டாமாம். கறுப்புக் கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ வேறு.

"அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான்" என்றாள் வக்கீலம்மா. "நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும் பின்னாடியே வரும். இது முதல் தடவை, வயசும் கம்மி. எடுக்கலைன்னா கேஸ நடத்தலாம். எடுத்திருந்தா, கடைக்காரர் சம்மதிச்சா கோர்ட் அனுமதியோட சமாதானமாப் போகலாம். அவர் மாட்டேன்னா, ஜெயிலுக்கு அனுப்பாம நன்னடத்தைப் பேர்ல விடச் சொல்லி ஜட்ஜ்கிட்ட கேக்கலாம். எதுக்கும் எனக்கு உண்மை தெரியணும்."

"அவதான் எடுக்கலைன்னு சொல்றாளே!"

தங்கை நகத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். இந்த வக்கீலம்மாதான் திருட்டுப் பட்டம் கட்டப் பார்க்கிறாள் என்று பட்டது.

அடுத்த வாய்தாவில் அது உறுதியாயிற்று. கேண்டீனில் ஒரே மேஜையில் வக்கீலம்மாவும் கடை முதலாளியும் தலைக்குத் தலை குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா நேரே போய் நின்றாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பேரம் பேசுறீங்க?"

முதலாளிதான் பதில் சொன்னார். "உங்க தங்கச்சிக்காக இவங்க அரை மணி நேரமாக் கெஞ்சுறாங்கம்மா. நான்தான் முடியாதுன்னுட்டேன். இந்த வருஷம் கடைல திருடி மாட்டினதுல இது மூணாவது ஆள். நீங்களே பாருங்க." போனை நீட்டினார்.

கடைக் கேமராவில் பதிவான படத்தில் தங்கை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பையின் அடித்துணியைத் தூக்கி, கீழே பாட்டிலைச் செருகினாள். இரட்டை அடி வைத்த பை. தொழிற்சாலைப் பெண்கள் செய்யும் தந்திரம் அது. வீட்டில் சாப்பிடும்போது அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள் அக்காவேதான்.

வராந்தாவுக்கு வந்து தங்கையின் முன்னால் நின்றாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?"

"நீ நம்பிட்டியேக்கா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

தங்கை நீதிபதியிடம் ஒத்துக்கொண்டாள். நன்னடத்தைப் பேரில் விடும்படி வக்கீலம்மா கேட்டாள். கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வீட்டுக்கு வந்த நன்னடத்தை அதிகாரியை, அடையாள அட்டையை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகே அக்கா உள்ளே விட்டாள். அவர் பக்கத்து வீட்டில் விசாரித்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஜெயில் இல்லை. பாட்டில்களின் விலையைக் கடைக்குக் கட்ட வேண்டும். ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பதாகத் தங்கையும், அதற்கு ஜாமீனாக அக்காவும் கையெழுத்துப் போட்டார்கள். "தப்பு நடந்தா மறுபடி கூப்பிட்டுத் தண்டனை குடுப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா அடுத்த வழக்குக்கு ஓடினாள்.

மாதம் ஒருமுறை அதிகாரியின் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். மூன்று மாதம் அக்கா கூடவே போனாள். நான்காம் மாதம் தங்கை தனியாகப் போனாள். அக்கா ஒரு மணி நேரம் பொறுத்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன் போட்ட விஷயத்தைத் தங்கையிடம் அவள் சொல்லவில்லை.