கண்டக்டர் முனிரத்தினமும் எங்கள் பாதிப் பாதி ஜிக்சாவும்

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சித்தூர் பஸ் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும். முன் படிக்கட்டிலிருந்து கண்டக்டர் முனிரத்தினம் ஒரு நீலப் பெட்டியோடு இறங்குவார். பெட்டிக்குள் எங்கள் ஜிக்சா இருக்கும். பலகையை நேராகவும் வளைத்தும் அறுக்கிற, பேட்டரியில் ஓடும் கை ரம்பம் அது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டியோடு டிரைவர் பாபு இறங்கினார்.

"டீச்சர், ரத்தினண்ணன் நேத்து காலைல போய்ட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. வேலூருக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். பிறகு பெட்டியை நீட்டினார். "இந்த வாரம் டீச்சர் முறை, குடுத்துடுன்னு அக்கா குடுத்தனுப்பிச்சாங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சித்தூர் பக்கத்துக் குடிபாலாவில் அவர் மனைவி சரோஜாவின் சமையல் மேடையில் ஒரே ஒரு ஓட்டை பாக்கி இருக்கும்போது இந்த மனுஷர் எப்படிப் போகலாம்? பஸ் ஸ்டாண்டிலேயே அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாபு தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

டிப்போவில் டிக்கெட் மெஷினும் விசிலுமாகவே அவரை அறிந்த உங்களுக்கு, நான் அறிந்த ரத்தினத்தைச் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் திருப்பதியில் ஒரு கருவிக் கடையில் நாங்கள் ஏறக்குறையச் சண்டையில்தான் அறிமுகமானோம். பேட்டரி ஜிக்சா கேட்டேன். "ஒக்கட்டே உந்தி மேடம்" என்று கடைக்காரர் கையை விரித்தார். அந்த ஒன்று காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையில் இருந்தது. அவர் அதை வாங்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான் வீடியோக்கள் பார்த்து, வோல்ட் எத்தனை, வேகம் எத்தனை என்று மனப்பாடம் செய்துகொண்டு போனவள். கணக்கு டீச்சர் அல்லவா, எண் பெரிதாக இருந்தால் போதும் எனக்கு. அவரோ எந்த எண்ணையும் கேட்கவில்லை. ஜிக்சாவைக் கண்ணாடி மேஜைமேல் நிறுத்தி, கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கி, அடித்தகடு ஆடுகிறதா என்று பார்த்தார். ஒற்றைக் கையில் பிடித்துத் தலை கனக்கிறதா என்று பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பிளேடைக் கழற்றி மாட்டினார். விசையை மெல்ல அழுத்தி, அது நிதானமாகக் கிளம்புகிறதா, எடுத்த எடுப்பில் பாய்கிறதா என்று காது கொடுத்தார். பொறுமை இழந்து, "வாங்கப் போறேளா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"நிக்கத் தெரியாதது ஓடறப்போ மட்டும் நேரா போவுமா மேடம்?" என்றார், நிமிராமலே. ஓடுகிற பஸ்ஸில் பிடி இல்லாமல் நின்று பழகியவர் சொன்ன சொல். அடித்தகடுதான் ஜிக்சாவுக்குக் கால் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டார். எங்கள் வீட்டார் தலைமுறையாகத் திருமலையில் கோயில் கைங்கரியம் செய்பவர்கள். நவராத்திரிக் கொலுப்படிக்குச் சங்கும் சக்கரமும் வெட்டி மாட்ட எனக்கு ஆசை என்றேன். உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். "பொண்டாட்டிக்கு சமையக்கட்டு" என்றார்.

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபின் சரோஜாவால் எழுந்து நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலிதான். பழைய மேடை அவர் மூக்கு உயரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. "எம் வூட்லயே நான் விருந்தாடியா?" என்று சரோஜா தினம் கேட்டாராம். இரண்டு ஆசாரிகள் வந்து பார்த்து, இவ்வளவு தாழ்வாகப் போட்டால் மற்றவர்களுக்கு இடுப்பு ஒடியும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். "மத்தவங்களுக்கு ஓட்டல் இருக்குது" என்று சொல்லிவிட்டு இவர் கடைக்கு வந்திருக்கிறார். வீட்டில் சக்கரம் உருளும், தரையில் வயர் கிடக்கக் கூடாது, அதனால்தான் பேட்டரி.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "பெருமாளையும் காக்க வெக்க வாணாம். ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம். ஒரு வாரம் குடிபாலா, ஒரு வாரம் திருப்பதி. பஸ்ஸுதான் நம்மது ஆச்சே." அப்படித்தான் எங்கள் ஜிக்சா மூன்று வருஷம் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தது.

அந்த முதல் வாரத்தை என்னவென்று சொல்ல! விசையை அழுத்தியதும் உள்ளங்கையில் ஒரு அதிர்வு, பென்சில் கோட்டின் இரு பக்கமும் தூள் பறக்கிறது, பலகை வழிவிடுகிறது. ஐம்பது வயதில் எனக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் கோடு ஒரு பக்கம் போக ரம்பம் இன்னொரு பக்கம் போயிற்று. வளைவில் அடிப்பக்க வெட்டு சாய்ந்தது. போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சங்கா டீச்சர்? நான் காதுன்னு நெனச்சிக்கினேன்." சிரித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்: "தள்ளாதீங்க. நெரிசல்ல பின்னால நிக்கறவன் தள்ளுனா முன்னால நிக்கறவன் கோணிக்குவான். பிளேடும் அப்பிடித்தான். அது போற வேகத்துக்கு நாம பின்னால போவணும்." மறுநாள் தள்ளாமல் வெட்டினேன். சங்கு சங்காக வந்தது. பள்ளிக்கு அதைப் பையில் போட்டுக்கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன்.

குடிபாலாவில் வேலை மெல்லத்தான் நகர்ந்தது. டியூட்டி இல்லாத நாளில்தான் அவர் மேடைக்குக் கால்கள் அறுக்க முடியும், அதுவும் ஜிக்சா அங்கே இருக்கிற வாரத்தில். மேல்பலகை போடும் நாளில் நானும் போனேன். நாற்காலி மேடையை ஒட்டி நுழைய, பலகையின் வலப்பக்க முன்ஓரத்தில் ஓர் அரைவட்டம் வெட்ட வேண்டும். இடப்பக்கம் தண்ணீர்க் குழாய், அங்கே பாத்திரம் கழுவும் தொட்டி வரும். பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டியிருந்தது. ஜிக்சாவின் பல் கீழிருந்து மேலே கடிக்கும். அதனால் மேல்பக்கம் ஓரம் பெயர்ந்து சிலும்பும். மைக்கா சிலும்பாமல் இருக்க அதைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்தில் கோடு போட்டு வெட்டுவோம் என்றேன். கோடு போட்டதும் நான்தான். அவர் வெட்டினார். அப்படி ஒரு வளைவை நான் பார்த்ததில்லை, வெண்ணெயில் விரல் போன மாதிரி. இருவரும் பெருமை தாங்காமல் பலகையைத் திருப்பி மேடைமேல் வைத்தோம்.

அரைவட்டம் இடப்பக்கம், தொட்டி வரவேண்டிய இடத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

கவிழ்த்து வரைந்தால் இடவலம் மாறும். கண்ணாடிப் பிம்பம் என்று ஏழாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். அழுகையே வந்துவிட்டது. ரத்தினம் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "டீச்சருக்கு எத்தன மார்க்கு போடலாம் சரோஜா?" என்றார்.

சரோஜா நாற்காலியில் இருந்தபடி, "திருப்பாம அப்பிடியே போட்டா சரியாத்தான இருக்குது?" என்று கேட்டார்.

"மைக்கா அடியில போய்டுமே" என்றோம் இருவரும்.

"போவட்டும். அடியில உக்காந்துக்கினு இருக்கறது நான்தான. என் முட்டி பாத்துக்கட்டும் மைக்காவ."

ரத்தினம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியே போட்டோம். பிறகு மேல்பக்கத்துக்கும் ஒரு மைக்கா ஒட்டினார். தலைகீழாகப் பல் வைத்த, மேலிருந்து கீழே கடிக்கும் பிளேடு ஒன்று உண்டு என்றும், அது அதே கடையில் எப்போதும் இருந்தது என்றும் அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கடைக்காரரைக் கேட்டேன். "மீரு அடகலேது கதா மேடம்" என்றார், நாங்கள்தான் கேட்கவில்லையாம். அந்த பிளேடை வாங்கி, தொட்டி ஓட்டைக்குக் கோடும் போட்டுவைத்திருந்தார் ரத்தினம். அந்த நிலையில்தான் போனார்.

டிப்போவில் அவர் படத்துக்கு மாலை போட்ட அன்று, இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றீர்கள். எனக்குப் பேச வரவில்லை. இப்போது எழுத வருகிறது. ரத்தினம் பார்க்காமல் போன ஒரு மதியம் இருக்கிறது. அதை அவருக்காக நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அது. நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாபுவோடு நான் குடிபாலாவுக்குப் போயிருந்தேன். பிச்சாட்டூரிலிருந்து சரோஜாவின் அண்ணன் வேனோடு வந்திருந்தார். ஒண்டியாக இருக்க முடியாது, இன்றே தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. நல்ல மனிதர்தான். துணிமணிகளைக்கூட மூட்டை கட்டியாகிவிட்டது. சரோஜா அந்த மூட்டையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "ஓட்ட போட எவ்ளோ நேரம் ஆவும் டீச்சர்?" என்றார்.

"அரை மணி" என்றேன். முன்பின் தொட்டி ஓட்டை வெட்டியவள் மாதிரி.

நாலு மூலையிலும் டிரில்லால் துளை போட்டேன். புது பிளேடை உள்ளே விட்டேன். தலைகீழ்ப் பல் மெஷினை மேலே எத்தும், அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினேன், ஆனால் தள்ளவில்லை. உள்துண்டு உடைந்து விழாமல் பாபு கீழிருந்து கையால் தாங்கினார். கடைசி விரற்கடையும் அறுந்தது. துண்டு பாபுவின் கையில் அப்படியே உட்கார்ந்தது. மேலே ஒரு சிலும்பு இல்லை. துள்ளிக் குதித்தேன், துக்க வீடு என்பதுகூட மறந்துபோயிற்று. தொட்டியை இறக்கிக் குழாயை மாட்டினார் பாபு. தண்ணீர் விழுந்தது.

சரோஜா நாற்காலியை அரைவட்டத்துக்குள் ஓட்டினார். முழங்கை மேடைமேல் சரியாகப் படிந்தது. அரிசி களைந்தார். பருப்பு வேகப் போட்டார். கத்தரிக்காயை நறுக்கினார். யாரையும் எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. வாசலில் வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அண்ணன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். நேரமாவுது என்று சொல்ல வந்தவர், தங்கை தாளிக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

சரோஜா தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றி, கை எட்டும் தூரத்தில் மேடைமேல் வைத்தார்.

"துன்னுட்டுக் கெளம்புண்ணா. நான் வரல."